இரண்டெழுத்தில் ஒரு தந்தை

பொன்னமராவதிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ என்னவோ, பெயரையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், சிவகங்கைச் சீமையைத் தொட்டாற்போல் இருக்கிற ஊர். பொன்னன், அமரன் என்று இரண்டு சிற்றரசர்கள் இருந்தார்களாம். அவர்கள் பெயரால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்று ஊரார் சொல்வார்கள். பங்குனி பிறந்துவிட்டால் பக்கத்துக் கொன்னையூர் முத்துமாரியம்மனுக்குத் திருவிழா. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் சாரிசாரியாகப் புறப்பட்டு விடுவார்கள்.

திருவிழாவைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். இப்போது கடைவீதிக்கு வாருங்கள். ஏதாவது ஒரு மளிகைக் கடை முன்னால் இரண்டு நிமிஷம் நின்று, மேலே அண்ணாந்து பாருங்கள்.

சரம் சரமாகத் தொங்குகின்றன, இல்லையா? ஷாம்பூ பாக்கெட், காபித் தூள் பாக்கெட், ஊறுகாய் பாக்கெட், சலவைத் தூள் பாக்கெட். கல்யாண வீட்டுத் தோரணம் தோற்றது! அந்தச் சரங்களை விலக்கிக்கொண்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்து, "என்னம்மா வேணும்?" என்று கேட்கும்.

அந்தச் சரத்துக்கும் ஒரு தகப்பனாருக்கும் உள்ள சம்பந்தத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பொன்னமராவதிக்காரர் அல்ல, கடலூர்க்காரர். அவரிடம் போவதற்கு முன்னால், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். இவரைத் தெரியாமல் அவரைப் புரியாது.

கடைக்கார அப்பச்சி

சிறு கடைக்காரர் வீட்டில் பிறந்த பெண்கள் இதைப் படித்தால் ஒருமுறை தலையை ஆட்டுவார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து, கடைவாசலில் தண்ணீர் தெளித்து, சூடம் கொளுத்தி, முதல் போணிக்குக் காத்திருக்கிற மனிதர். மத்தியானச் சாப்பாடு தூக்கில் வரும். ஆறிப்போன பிறகுதான் அதைத் திறக்க முடியும். திறந்து இரண்டு கவளம் உள்ளே போவதற்குள் யாராவது அரைப்படி உளுந்துக்கு வந்து நிற்பார்கள். இரவு கணக்கை முடித்துக் கடை கட்டி வீடு திரும்பும்போது குழந்தைகள் தூங்கிவிட்டிருக்கும். அப்பா முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்போம் என்று சொல்கிற பிள்ளைகள் உண்டு. இந்தப் பக்கத்து நகரத்தார் வீடுகளிலே 'அப்பச்சி' என்பார்கள். எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் தூங்குகிற குழந்தைக்குக் கேட்கவா போகிறது?

தீபாவளியை எடுத்துக் கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் எண்ணெயும் வெல்லமும் பொட்டுக்கடலையும் நிறுத்துக் கொடுத்து, கடைசி வாடிக்கைக்காரர் போன பிறகே கடைக்காரருக்குத் தீபாவளி ஆரம்பமாகும். புது வேஷ்டி மஞ்சள் தடவி மனையில் காத்திருக்கும். வேஷ்டியோடு சேர்ந்து மனைவியும் காத்திருப்பாள்.

அவர் படித்த படிப்பெல்லாம் கடையில் படித்ததுதான். தானியம் அளக்கும்போது 'ஒன்று' என்று ஆரம்பிக்க மாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. பொட்டலம் மடிக்கிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய காகிதம் ஒரு சுழற்றில் கூம்பாகும். பண்டம் உள்ளே விழும். மேலே தொங்குகிற நூல்கண்டிலிருந்து நூல் இறங்கி வந்து நாலு சுற்றுச் சுற்றும். பட்டென்று ஓர் அறுப்பு! எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். காகிதம் பிரியாது, கடுகு சிந்தாது.

இத்தனை சின்னப் பொட்டலம் எதற்கு என்று பட்டணத்தில் மாதச் சாமான் வாங்குகிறவர்களுக்குத் தோன்றலாம். முதல் தேதி சம்பளம் வாங்கி, பட்டியல் எழுதி, டின் டின்னாக நிரப்பி வைப்பது ஒரு குடும்பம். சாயங்காலம் கூலி வாங்கி, அதில் அன்றைக்கு அரிசி, அன்றைக்கு எண்ணெய், அன்றைக்கு மிளகாய் என்று வாங்கிப் போவது இன்னொரு குடும்பம். இரண்டாவது குடும்பங்களின் தொகைதான் நம் நாட்டில் அதிகமாக இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்ணிடம், "கால் வீசைக்குக் குறைந்து தர மாட்டேன்" என்று சொல்கிற கடைக்காரர் மறுநாளே கடையை மூட வேண்டியதுதான்.

காசும் அப்படித்தான் இருந்தது. இந்த வட்டாரம் 1948 மார்ச் 3-ஆம் தேதி வரை புதுக்கோட்டைச் சமஸ்தானம். சமஸ்தானத்துக்கென்று தனியாக 'அம்மன் காசு' என்று ஒரு செப்புக் காசு உண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு அந்தக் காசையும் ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். அணாவில் சிறு பங்குதான் அதன் மதிப்பு. அந்தக் காசை நீட்டினாலும் ஏதாவது ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும்! பிறகு 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவை யார் தலையில் கட்டுவது என்று கடைக்குக் கடை வழக்கு! 1958-லிருந்து பலமும் வீசையும் படிப்படியாகப் போய், கிராமும் கிலோவும் வந்தன. கணக்கு மாறிற்று, வாங்குகிற கை மாறவில்லை. அன்றன்றைக்கு அவ்வளவுதான்.

இதைப் பொன்னமராவதிக் கடைக்காரரும் அறிவார், மற்ற ஊர்க் கடைக்காரரும் அறிவார். பொட்டலத்துக்குள் கடுகும் சீரகமும் போட்டு இந்த விஷயத்தை அவர்கள் சமாளித்தார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் மட்டும் இதை அறியவே இல்லை. அவர்கள் டப்பாவும் புட்டியுமாக விற்றார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கினால் போதும் என்று இருந்தார்கள்.

கடலூர் மனிதர்

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். சிறிய அளவில் மருந்துச் சரக்குகளையும் வேறு பண்டங்களையும் பாக்கெட்டில் அடைத்து விற்கிற தொழில். பெரிய முதலாளி அல்ல. பெரிய முதல் போடுகிறவரும் அல்ல. ஆனால் மேற்படி பொட்டல ரகசியம் அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. தாம் தயாரிக்கிற எதுவானாலும் மூட்டை தூக்குகிற கூலியாளும் ரிக்ஷா இழுக்கிறவரும் வாங்கிப் பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடர் அப்போது டின்னில்தான் வரும். டின் பவுடர் வீட்டில் இருப்பதே ஓர் அந்தஸ்து. கல்யாணத்துக்குப் புறப்படும்போதுதான் அதற்கு அலமாரியிலிருந்து விடுதலை. சின்னிகிருஷ்ணன் அதே பவுடரை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் பாக்கெட்டுகளாகப் போட்டார். இருபது கிராம்! ஒரு கூலிக்காரப் பெண் தன் மகளுக்குப் பொங்கலுக்கு வாங்கிக் கொடுக்கக் கூடிய அளவு.

பேதி உப்பு இருக்கிறதே, எப்சம் உப்பு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குவோமே, அது 100 கிராம் பாக்கெட்டில் வந்தது. என்றைக்கோ ஒருநாள் வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ள யார் நூறு கிராம் வாங்கிக் குவிப்பார்கள்? அதையே 5 கிராம், 10 கிராம், 20 கிராம் என்று அடைத்துக் கொடுத்தார். பொடியைத்தானே அப்படிப் போடலாம் என்று கேட்டவர்களுக்கு, தண்ணீர்ப் பொருளையும் போடலாம் என்று பதில் சொன்னார். வருங்காலத்து வியாபாரமே இந்தச் சின்ன உறையில்தான் இருக்கிறது என்று வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

ஒன்றைச் செய்து முடித்தால் அது ஊரெல்லாம் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க அவருக்குப் பொறுமை கிடையாது. அடுத்த யோசனைக்குப் போய்விடுவார். அதை முடித்தால் இன்னொன்று. கண்டுபிடிக்கிற மூளை உண்டு. கூவி விற்கிற வாய் இல்லை. அப்பா பெரிய கண்டுபிடிப்பாளர், ஆனால் நல்ல விற்பனைக்காரர் அல்ல என்று அவருடைய மகன் ரங்கநாதனே பிற்காலத்தில் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தகப்பனாரைப் பற்றி இப்படிச் சொல்லும் பிள்ளைக்கு அவரிடம் பக்தி குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். மேலே படியுங்கள்.

ஐந்நூறு புறாக்கள்

பிள்ளைகளில் மற்றவர்கள் படிப்பில் சூடிகை. ரங்கநாதனுக்குப் புத்தகம் என்றால் வேம்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புறாக்கள், மீன்கள், விதவிதமான பறவைகள்! ஐந்நூறுக்கு மேல் புறாக்கள் வளர்த்தாராம். அந்த வீட்டு அம்மாளை நினைத்துப் பாருங்கள். ஒரு புறா வந்து உட்கார்ந்தாலே உலர்த்திய வடாம் என்ன கதியாகும் என்று நமக்குத் தெரியும், ஐந்நூறு!

சாதாரணத் தகப்பனாராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ஒருநாள் கூண்டைத் திறந்துவிட்டு, பையனை அறைக்குள் தள்ளிக் கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருப்பார். சின்னிகிருஷ்ணன் அப்படிச் செய்யவில்லை. பையன் அந்தப் பிராணிகளை வாங்கி விற்றுத் தன் கைச்செலவுக்குத் தானே சம்பாதித்துக்கொண்டதைப் பார்த்தார். இவனுக்குப் படிப்பு ஏறாவிட்டால் போகிறது, விவசாயமோ வியாபாரமோ செய்து பிழைத்துக் கொள்வான் என்று முடிவு கட்டினார். 'மக்கு' என்று ஒதுக்கவில்லை. 'நீ இதற்கு ஆனவன்' என்று வழி காட்டினார். மார்க்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை நிறுக்கிற நம் வீடுகளில் இது நடக்கிற காரியமா? நீங்களே சொல்லுங்கள்.

ரங்கநாதன் கல்லூரியில் காலடி வைக்கிற சமயம். சின்னிகிருஷ்ணன் போய்விட்டார்.

அவர் விட்டுப் போன சொத்து என்ன? ஒரு சிறு கம்பெனி, பாதியில் நிற்கிற பல யோசனைகள், கூலிக்காரர் கைக்கு எட்டுகிற மாதிரிச் செய் என்ற வார்த்தை. மூத்த பிள்ளைகள் தொழிலை ஏற்றுக்கொண்டார்கள். தகப்பனார் சொல்லிக்கொண்டிருந்தபடி தண்ணீர்ப் பொருளைச் சின்ன உறையில் அடைத்து 'வெல்வெட் ஷாம்பூ' கொண்டுவந்தார்கள். பெயரும் எடுத்தார்கள்.

ரங்கநாதனும் படிப்பை முடித்துவிட்டு அங்கே சேர்ந்தார். ஒன்பது மாதம் இருந்தார். சகோதரர்களோடு கருத்து வேற்றுமை. ஒரே தகப்பனாரின் கனவுதான்; அதை எப்படி நடத்துவது என்பதில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். எந்தக் குடும்பத் தொழிலில் இது இல்லை? 'எனக்குச் சொத்தில் பங்கு வேண்டாம்' என்று எழுந்து வந்துவிட்டார்.

முதல் 15,000 ரூபாய்

வருஷம் 1983. கையில் இருந்தது சேமிப்பு 15,000 ரூபாய். வெளியே வந்தாகிவிட்டது, திரும்பிப் போய் வாசலில் நிற்க மனம் ஒப்பாது. மாதம் 250 ரூபாய் வாடகைக்கு ஓர் இடம் பிடித்தார். அதுவே வீடு, அதுவே ஆபீஸ். அதற்கு முன்பணம் ஆயிரம். தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள 300 ரூபாய் வாடகையில் இன்னோர் இடம். அதற்கு 1,200 முன்பணம். ஷாம்பூ அடைக்கிற இயந்திரம் ஒன்று 3,000 ரூபாய். கூட்டிப் பாருங்கள். மிச்சத்தில் சரக்கு வாங்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

சரக்குக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமே! அப்போதெல்லாம் இங்கிலீஷில் மினுக்காக ஒரு பெயர் வைத்தால்தான் போணியாகும் என்று நம்பிக்கை. இவர் வைத்த பெயரும் இங்கிலீஷ் மாதிரித்தான் காதில் விழுந்தது: 'சிக்'. ஸ்டைல் என்று அர்த்தமோ, கோழிக்குஞ்சு என்று அர்த்தமோ, இல்லை தலைமுடிச் சிக்கை எடுக்கிறதால் அந்தப் பெயரோ என்று வாங்கினவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு நினைத்துக்கொண்டார்கள். விஷயம் அதுவல்ல. சின்னி என்பதில் ஒரு துண்டு, கிருஷ்ணன் என்பதில் ஒரு துண்டு. சின்னிகிருஷ்ணன்: சிக்.

சொத்தில் பங்கு வேண்டாம் என்றவர் எடுத்துக்கொண்டது அந்தப் பெயரை!

முதல் மாதம் 20,000 பாக்கெட் விற்றது. இரண்டாம் மாதத்திலிருந்தே லாபம். ஆனால் எதிரே நின்றது யார்? அண்ணன்மார் உண்டாக்கிய அதே வெல்வெட். கோத்ரெஜ் கம்பெனியார் அதைப் பலமாக விளம்பரப்படுத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பனாரின் யோசனை இரண்டு பெயர்களில் ஒரே கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிற்று.

அப்போது ரங்கநாதன் ஒரு தந்திரம் செய்தார். எந்தக் கம்பெனி ஷாம்பூவானாலும் சரி, ஐந்து காலி உறை கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம்! கிராமத்துப் பிள்ளைகள் குப்பையைக் கிளறினார்கள்; குளத்துப் படித்துறையைச் சுற்றி வந்தார்கள். ஊரெல்லாம் சிக் பழகிய பிறகு, ஐந்து காலி உறையும் சிக் உறையாகவே இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ஆயிற்று. மல்லிகை மணமும் ரோஜா மணமும் சேர்த்ததும் 30 லட்சம். நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றியதும் மாதம் ஒரு கோடி! தகப்பனாரிடம் இல்லாத 'விற்கிற வாய்' புறா விற்ற பிள்ளையிடம் இருந்தது. கிராமம் கிராமமாகப் போய், பையன்களை நாற்காலியில் உட்கார வைத்து, எல்லார் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டுவார்கள். ரஜினிகாந்த் படம் போட்டு, நடுவில் விளம்பரமும் காட்டுவார்கள்.

பணம் வேண்டுமே, பாங்கி கொடுத்ததா? மூன்று வருஷம் அலைந்தார். ஈடு வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு பாங்கி மானேஜர் 25,000 ரூபாய்க் கடனுக்குச் சிபாரிசு எழுதினார். இவரிடம் ஈடு ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தச் சிறு தொழிலில் ஒரு விசேஷம் இருக்கிறது, மற்றவர்களைப் போலில்லாமல் இவர் வருமான வரி கட்டுகிறார் என்பது அந்தக் குறிப்பின் சாரம். வரி கட்டின ரசீதே ஈடாயிற்று!

இதைக் கேட்டால் பொன்னமராவதிப் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று இன்னொருவர் ஞாபகத்துக்கு வருவார். ஊரை ஒட்டிய மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்த வ.சுப. மாணிக்கம். குழந்தைப் பிராயத்திலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். பதினொரு வயதில், அந்தக் காலத்து வழக்கப்படி, வட்டிக் கடையில் தொழில் பழக ரங்கூனுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். பெட்டியடிப் பையன் வேலை. ஒருநாள் வருமான வரி அதிகாரி வருகிற சமயம், முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். இருக்கிறவரை எப்படி இல்லை என்று சொல்வது? மாட்டேன் என்றார் பையன். வேலை போயிற்று. ஊர் திரும்பினார், தமிழ் படித்தார், பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உட்கார்ந்தார். அவருக்குப் பொய் சொல்லாததால் ஒரு வேலை போயிற்று. கடலூர்க்காரருக்கு வரி ஏய்க்காததால் ஒரு கடன் வந்தது. வியாபாரம் என்றாலே புளுகு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

1990-இல் கம்பெனிக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. 1998-இல் அதையும் மாற்ற வேண்டும் என்று தோன்றி, வேலை செய்கிறவர்களிடையே ஒரு போட்டி வைத்துப் பெயர் பொறுக்கினார்கள். 'கெவின்கேர்' என்று வந்தது. கவின் என்றால் அழகு, உங்களுக்குத் தெரியும். இங்கிலீஷில் எழுதும்போது அதில் இரண்டே எழுத்துக்களைப் பெரிதாக எழுதுகிறார்கள்: ஸி, கே. மறுபடியும் தகப்பனாரின் முதலெழுத்துக்கள்தான்! பிள்ளை எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறார். பின்பு சிக்கை 50 காசுக்கும் கொடுத்தார்கள். ரிக்ஷாக்காரர் கைக்கு எட்ட வேண்டும் என்ற பழைய பிடிவாதம் அந்த ஐம்பது காசில் இருந்தது.

பாக்கெட் வந்தபின்

சகோதரிகளே, இந்தப் பாக்கெட்டால் நமக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். செவ்வாய், வெள்ளி என்றால் எண்ணெய் ஸ்நானம். சீயக்காயை வெயிலில் காயவைத்து, மிஷினில் அரைத்து, சலித்து, கண்ணில் போகாமல் தேய்த்து, அலசி, சாம்பிராணி காட்டி முடிக்க அரை நாள் ஆகும். வீட்டில் நாலு பெண் குழந்தைகள் என்றால் தாயாருக்கு அன்று வேறு வேலை ஓடாது. சீயக்காயும் வாங்க முடியாத வீட்டில் துணிக்குப் போடுகிற சோப்பையே தலைக்கும் போட்டார்கள். ஷாம்பூ புட்டி பணக்கார வீட்டுக் குளியலறையில் இருந்த பொருள். அதைக் கடைவீதிக்கு இறக்கிக் கொண்டுவந்தது இந்தச் சின்ன உறை. வயலில் களை பறித்துக் கூலி வாங்கிய பெண் புருஷனிடம் கை நீட்டாமல், மாமியாரிடம் கேட்காமல், தன் சொந்தக் காசில் தனக்கென்று வாங்கிய ஒரு பொருள். அதன் விலை ஐம்பது காசாக இருக்கலாம். அவள் வாங்கும்போது நிமிர்ந்து நின்றிருப்பாள்.

குறையும் உண்டு. அந்த உறை மக்காது. சாக்கடையில் அடைக்கிறது; கண்மாய்க் கரையில் பளபளக்கிறது; மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகிறது. அப்பச்சி மடித்த காகிதப் பொட்டலத்துக்கு இந்தத் தோஷம் கிடையாது. சின்னிகிருஷ்ணன் இன்று இருந்தால் அடுத்த யோசனையாக இதற்குத்தான் வழி தேடிக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன். ஐந்து காலி உறைக்கு ஒரு பாக்கெட் என்றார்களே, வியாபாரத்துக்காகச் செய்த அந்தக் காரியத்தால் குப்பை தானாகக் கடைக்குத் திரும்பி வந்தது. அதை மறுபடி ஆரம்பித்தால் என்ன?

கடலூர் வீட்டுக் கதைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பட்டணத்துத் தெருக்களில் 'நேச்சுரல்ஸ்' என்ற அழகு நிலையங்களைப் பார்த்திருப்பீர்கள். 2000-இல் சென்னையில் முதல் கடை திறந்தவர் வீணா. சின்னிகிருஷ்ணனின் இன்னொரு மகன் குமாரவேலின் மனைவி அவர். மாமனார் தலைக்குத் தேய்ப்பதைப் பாக்கெட்டில் போட நினைத்தார். மருமகள் தலையலங்காரத்தையே தொழிலாக்கினார்! இப்படி ஒரே குடும்பத்திலிருந்து இத்தனை பேர் தொழிலில் இறங்கியதற்கு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நடந்த பேச்சுத்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நகை சேர்க்கிற தகப்பனார்கள் அநேகம். யோசனை சேர்த்து வைத்தவர்கள் குறைச்சல்.

2011-லிருந்து சின்னிகிருஷ்ணன் பெயரால் புதுமைக்கென்று ஒரு விருது கொடுத்து வருகிறார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அல்ல; தம் ஊரில், தம் கொல்லைப்புறத்தில், ஏதாவது புதிதாகச் செய்து, அதை எப்படி விற்பது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கிற சின்னத் தொழில்காரர்களுக்கு. பரிசுப் பணத்தோடு, சரக்கை ஊருக்குக் கொண்டுபோகிற வழியும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.